கறுப்பு கிட்டாரில் வந்த இரைச்சல்

ஜீவா அந்தக் கறுப்பு கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி இடுப்போடு அணைத்துக்கொண்டு, அறையின் நடுவில் நின்று மெல்லத் திரும்பினாள். கதவுப் பக்கம் காட்டினாள். ஹெட்போனில் இரைச்சல் தணிந்தது. அலமாரிப் பக்கம் திருப்பினாள். கூடியது. பின்சுவரை நோக்கிப் பிடித்ததும், தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல் 'ஙர்ர்ர்' என்று காதுக்குள் பாய்ந்தது.

"மணி மூணு இருபது," என்றான் முபஷிர். "நாலுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் அந்த மெட்ராஸ்காரங்க ஃபைலை வாங்க மாட்டாங்க. நீ என்னடான்னா செவுத்தைச் சுட்டுக்கிட்டு இருக்க."

"செத்த சும்மா இரு."

"எதுக்கு சும்மா இருக்கணும்? அந்தா சிவப்பு கிட்டார் தூங்குது. அதை எடுத்தா ஒரு இரைச்சலும் வராது. நாலு நிமிஷப் பாட்டு. முடிச்சு அனுப்பிட்டு நான் சேலம் பஸ்ஸைப் பிடிக்கிறேன். பின்னாடி கம்பத்து வேலைக்கு வந்த லைன்மேன் கூட நம்மகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு அவர் சோலியைப் பாக்கப் போயிட்டார். நாமதான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அவன் சொன்னதில் தப்பில்லை. சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம், மைக்கும் பதிவுப் பெட்டியும் செய்யத் தெரிந்த ஆளைத் தேடியது. தானே செய்த கருவியில் பதிந்த ஒரு பாட்டை இன்று நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். மோகனூர் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஒன்பது வருஷமாக ஒயரிங் பார்க்கும் ஜீவாவுக்கு, இந்த மாதிரி வாய்ப்பு இன்னொரு தடவை வராது.

முபஷிர் இரண்டு கிட்டார் கொண்டுவந்திருந்தான். சிவப்பில் தந்திகளுக்கு அடியில் இரட்டைச் செம்புச் சுருள். ஒரு சுருள் வாங்கும் மின்சார முனகலை மற்றது தின்றுவிடும். கறுப்பில் ஒற்றைச் சுருள். எங்கே கரண்ட் ஓடினாலும் அதன் முனகலை வாரிக்கொண்டு வந்து கொட்டும். ஆனால் தந்தியில் நகம் படும்போது எழும் அந்தத் துல்லியம் சிவப்புக்கு வராது. தன் பெட்டியின் அருமையைக் காட்ட ஜீவாவுக்குக் கறுப்புதான் தேவைப்பட்டது.

அதற்காகவே இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தாள். மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை வட்டாரம் முழுக்க மின்தடை. பட்டறைக்கும் விடுமுறை. வெல்டிங் இல்லை, கிரைண்டர் இல்லை. போதாததற்குப் பட்டறையின் பின்பக்கம் இருந்த இந்த அறையின் மெயின் ஸ்விட்சையும் அவளே அணைத்து வைத்திருந்தாள். நான்கு லாரி பேட்டரிகளை ஒன்றோடொன்று கோத்து, டீ வடிகட்டியின் வலையில் செய்த மைக்குக்கு நாற்பத்தெட்டு வோல்ட் கொடுத்திருந்தாள். பெட்டியும் ஸ்பீக்கரும் அதே பேட்டரியில். லேப்டாப் தன் சொந்த பேட்டரியில்.

இரண்டு மணிக்குப் பதிந்தபோது இரைச்சலே இல்லை. முபஷிர் இரண்டாம் சரணத்தில் ஒரு தந்தியைத் தவறவிட்டான், அவ்வளவுதான். இன்னொரு முறை வாசிக்கலாம் என்று சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், மூன்று மணிக்கு மேல் எங்கிருந்தோ இந்தச் சனியன்.

முதலில் தன்மீதுதான் சந்தேகப்பட்டாள். லாரியில் கரண்ட் திரும்பிவரத் தனி ஒயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பே ஒயர். அந்தப் பழக்கத்தில் கண்ட இடத்தில் எல்லாம் எர்த்தைப் பெட்டியின் தகரத்தில் பற்றவைத்ததால், முதலில் செய்த பெட்டி மாட்டு வண்டி மாதிரி முனகியது. இது மூன்றாவது பெட்டி. எல்லா எர்த்தும் ஒரே புள்ளியில். திருகைக் கழற்றிப் பார்த்தாயிற்று. பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

"முபஷிரு, இந்தா கேளு." ஹெட்போனை அவன் காதில் மாட்டினாள். "ஈ.பி. கரண்ட்டா இருந்தா 'ம்ம்ம்'னு உருண்டையா வரும். இது முள்ளு முள்ளாக் குத்துது."

"ஆமா. அதுக்கென்ன?"

"இது இன்வெர்ட்டர் சத்தம். மட்டமான இன்வெர்ட்டரு."

"யார் ஊட்லயோ ஃபேன் ஓடுது. ஓடட்டும் விடேன்."

"ஊட்டுக்குள்ள ஓடுனா எனக்கென்ன? பட்டறையில ஒருத்தரும் இல்ல. நம்ம மெயினும் ஆஃப். இந்தச் செவுத்துக்குப் பின்னால வீடும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் லைன் கம்பி மட்டும்தான் போகுது."

சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறியது. முபஷிர் ஹெட்போனைக் கழற்றினான்.

அந்தக் கம்பியில்தான் லைன்மேன் காளியப்பன் வேலை பார்க்கிறார்.

பின்சுவரின் ஜன்னல், சத்தம் வராமலிருக்க முட்டை அட்டைகளால் மூடிக் கிடந்தது. ஜீவா இரண்டு கையாலும் பிய்த்தாள். ஆணியோடு அட்டை வந்தது. கதவைத் தள்ளினாள். நாற்பது அடி தள்ளி, சுற்றுச்சுவருக்கு அப்பால் கம்பம். உச்சியில் காளியப்பன், இடுப்புக் கயிற்றில் சாய்ந்து, இடது கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தார். வலது கையில் கட்டிங் பிளேயர். கையுறை இரண்டும் பெல்ட்டில் தொங்கின.

"அண்ணா! கம்பியைத் தொடாதீங்க!"

காற்று எதிரில் அடித்தது. தலையில் ஹெல்மெட். அவர் திரும்பவே இல்லை. சுற்றிக்கொண்டு ஓட முன்வாசல் கேட்டைத் திறக்க வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"ஸ்பீக்கரைத் திருப்பு!" என்று கத்தினாள். முபஷிர் ஸ்பீக்கரைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தான். அவள் மைக்கைப் பிடுங்கி வாயருகே வைத்துக் குமிழைக் கடைசிவரை முறுக்கினாள்.

"அண்ணா! கை வெக்காதீங்க! லைன்ல கரண்ட் வருது!"

வயல்வெளி முழுக்க அவள் குரல் இடித்தது. காளியப்பன் திரும்பிப் பார்த்தார். பல் தெரியச் சிரித்தார்.

"காத்தாலருந்து மைக் டெஸ்டிங்தான் ஓடுது! எப்பத்தான் அம்மிணி பாடுவீங்க?" பிளேயரை ஆட்டிவிட்டு மறுபடி கம்பிப் பக்கம் திரும்பினார்.

"நெசமாத்தானுங்கண்ணா!"

"டிரான்ஸ்பார்மர்ல நானே பீஸைப் புடுங்கிட்டேன் கண்ணு! டெஸ்டும் பண்ணியாச்சு! நீ பாட்டைப் பாடு!"

அவர் கை நீண்டது. கம்பிக்கும் பிளேயருக்கும் இடையில் ஒரு முழம். பிளேயரின் பிடியில் ரப்பர் உறை ஒரு பக்கம் கிழிந்து தொங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

ஜீவா மைக்கைக் கீழே போட்டாள். கறுப்பு கிட்டாரின் குமிழையும் கடைசிவரை முறுக்கி, கிட்டாரைத் தலைக்கு மேல் தூக்கி ஜன்னலுக்கு வெளியே கம்பியை நோக்கி நீட்டினாள்.

'ஙர்ர்ர்ர்ர்!'

ஸ்பீக்கர் அலறியது. கிட்டாரைக் கீழே இறக்கினாள், சத்தம் தாழ்ந்தது. மேலே தூக்கினாள், எகிறியது. இறக்கினாள். தூக்கினாள்.

காளியப்பனின் கை அந்தரத்தில் நின்றது. இருபத்திரண்டு வருஷம் கம்பத்தில் கிடந்தவர். பேச்சை நம்பாதவர் அந்தச் சத்தத்தை நம்பினார். கையை மெல்ல, மிக மெல்லப் பின்னால் இழுத்தார். பெல்ட்டிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினார். தோள்பையிலிருந்து டெஸ்ட் பல்பை எடுத்து, அதன் இரண்டு ஒயர் முனைகளையும் கம்பிகளில் வைத்தார்.

பட்டப்பகலிலும் அந்த பல்பு பளிச்சென்று எரிந்தது.

ஜீவாவும் முபஷிரும் சுவரைச் சுற்றி ஓடிவந்தபோது, காளியப்பன் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஜீவா நீட்டிய தண்ணீர்ப் பாட்டிலில் பாதி சட்டையில் வழிந்தது.

"ரெண்டாவது புள்ளைக்கு வார வெள்ளிக்கிழமை காது குத்து," என்றார் யாரிடமோ சொல்வதுபோல. பிறகுதான் கோபம் வந்தது. பாக்கெட்டிலிருந்து பீங்கான் பீஸ் கட்டைகளை எடுத்துக் காட்டினார். "பாருங்க, பீஸ் என்ற கையில இருக்குது. அப்ப எவனோ இன்வெர்ட்டரை ரிவர்ஸ்ல உட்டிருக்கான். இந்த லைன்ல உங்க பட்டறையை உட்டா யாரு இருக்கறா?"

ஜீவா திரும்பிப் பார்த்தாள். வயலுக்கு அந்தப் பக்கம் கம்பி போய் முடியும் இடத்தில் ஒரே ஒரு தகரக் கூரை. மஞ்சுளாவின் கோழிக் கொட்டாய்.

காளியப்பன் நடந்துகொண்டே மின்வாரிய உதவிப் பொறியாளரான ஏ.ஈ. மேடத்துக்குப் போன் போட்டார். "மேடம், காளியப்பன். ஒருத்தர் என்னைக் கொல்லப் பாத்தாங்க மேடம். ஆமாங்க, திருட்டுத்தனமா ரிவர்ஸ். சரிங்க, ஆளைப் புடிச்சு வெக்கறேன், நீங்க திருப்பிக் கூப்புடுங்க. சர்வீஸைக் கட் பண்ணிக் கேஸும் போடோணும் மேடம்."

"அண்ணா, முதல்ல என்னன்னு பாக்கலாமுங்க," என்றாள் ஜீவா.

"என்னத்தைப் பாக்கறது? நான் செத்திருந்தா வந்து பாத்திருப்பீங்களா?"

கொட்டாய்க்குள் வெக்கையும் தவிட்டு வாசனையும் முகத்தில் அடித்தன. வரிசையாகத் தொங்கிய எட்டு பல்புகளின் அடியில், நேற்று இறங்கிய இரண்டாயிரம் குஞ்சுகள் மஞ்சள் கம்பளமாக நெருக்கியடித்துக் கிடந்தன. மஞ்சுளா கையில் தீவனத் தட்டோடு நிமிர்ந்தாள். நாற்பது வயது. கணவன் போன பிறகு தனியாளாக இந்தக் கொட்டாயைக் கட்டி இழுப்பவள்.

"மஞ்சுக்கா, மெயினை ஆஃப் பண்ணீங்களா?" என்றாள் ஜீவா.

மஞ்சுளா சுவரிலிருந்த மெயின் ஸ்விட்சைப் பார்த்தாள். கைப்பிடி மேலே பார்த்து, ஆனிலேயே நின்றது. தட்டு கீழே விழுந்தது.

"ஐயோ சாமி! மூணு மணிக்கு, குஞ்சுக்குச் சூடு குடுக்கற அடுப்புல கேஸ் தீந்து போச்சு. குஞ்செல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் சாகப் பாத்துச்சுங்க. அவசரத்துல..."

ஜீவா அதற்குள் மூலைக்கு ஓடியிருந்தாள். இன்வெர்ட்டரிலிருந்து புறப்பட்ட ஒரு கறுப்பு ஒயர், சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டுக்குள் போயிருந்தது. இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயர். மெயினை அணைத்துவிட்டுச் செருகினால் கொட்டாய்க்குள் மட்டும் விளக்கு எரியும். அணைக்க மறந்தால் மின்சாரம் வாசலைத் தாண்டிக் கம்பத்துக்கு ஏறும். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, அந்த முனையைப் பிடுங்கி, பிறகு சுவர் முனையைப் பிடுங்கினாள். பல்புகள் அணைந்தன. இரண்டாயிரம் குஞ்சுகளும் ஒரே குரலில் கத்தத் தொடங்கின.

"முபஷிரு, ஓடு! பட்டறையில லாரி ஹெட்லைட் நாலு கெடக்குது. தள்ளுவண்டியில பேட்டரி நாலையும் ஏத்திட்டு வா. சூட்டுக்கு அது போதும்."

"பேட்டரியை எடுத்தா ரெக்கார்டிங்?"

"ரெண்டு மணிக்கு எடுத்ததை அனுப்பிடு."

"அதுல நான் தப்பா வாசிச்சிருக்கேன்!"

"தப்பு உன்னுது. சத்தம் என்னுது. அனுப்பு!"

அவன் தலையில் அடித்துக்கொண்டு ஓடினான்.

வாசலில் வெயிலைப் பார்த்து நின்றபடி காளியப்பன் கத்திக்கொண்டிருந்தார். மஞ்சுளாவின் முகத்தைப் பார்க்கக்கூட அவருக்கு மனசில்லை.

"உன்ற குஞ்சு உசுரு உசுரு, என்ற உசுரு மசுரா? அந்த ஒயரை எவன் போட்டுக் குடுத்தான்? சொல்லு. உன்னோட சேத்து அவனையும் உள்ள தள்றேன்!"

"யாரும் இல்லீங்கண்ணா. நானேதான் போட்டுக்கிட்டேன்."

"கேஸு உன்ற மேல மட்டும் வரும், தெரியுமா? சர்வீஸ் போச்சுன்னா இந்தக் கொட்டாயே போச்சு!"

"வரட்டுங்க," என்றாள் மஞ்சுளா. கண்ணில் நீர் வழிந்தது. குரல் மட்டும் அசையவில்லை. "மறந்தது நான்தானுங்களே. நானே போட்டதுன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

ஜீவா கையிலிருந்த ஒயரைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஓர் இணைப்பு. நீல டேப்பை உரித்தாள். பட்டறையில் ஒவ்வொருவர் கையையும் அவர்கள் போடும் இணைப்பை வைத்தே சொல்லிவிடுவாள். இது வீட்டு ஒயரிங்காரர் முறுக்கு இல்லை. இரண்டு முனையையும் எதிரெதிராக வைத்து, பக்கத்துக்கு ஆறு சுற்று நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே மடக்கி அழுத்தியிருந்தது. நல்ல பலமான கை.

"அக்கா, இது உங்க கை வேலை இல்லீங்க," என்றாள் மெதுவாக. "யாருக்காகப் பொய் சொல்றீங்க?"

மஞ்சுளா அவளைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கணம் வாசல் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

காளியப்பனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க காளியப்பன்," என்றது ஏ.ஈ. மேடத்தின் குரல். "ஆளைப் புடிச்சாச்சா?"

"புடிச்சாச்சுங்க மேடம். ஆதாரமும் கையில இருக்குது. அம்மிணி, அந்த ஒயரைக் கொண்டா இங்க."

ஜீவா நீட்டினாள். காளியப்பன் வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். டேப் உரிந்த இடத்தில் செம்பு மின்னியது. கட்டை விரலால் அந்த முறுக்கைத் தடவினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஆறு சுற்று. விரல் நின்றது. மஞ்சுளாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹலோ? காளியப்பன்? அந்த ஒயரைப் போட்டது யாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க மேடம்." அவர் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டார். "அந்தம்மா பேரைச் சொல்லவே மாட்டேங்குதுங்க."

"மிரட்டிக் கேளுங்க."

"வேண்டாமுங்க மேடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஒரு மழை நாள்ல, குஞ்சு செத்துரும்னு கேட்டாங்கன்னு போட்டது. மறந்தே போச்சுங்க..." காளியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நான்தானுங்க போட்டுக் குடுத்தேன்."