கருவிக்குள் இருந்த காது

பதிவுக் கருவியை வைத்தால் செல்லாயியும் அவர் தம்பி ராஜவேலும் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். சத்யப்பிரியா அதை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டியதும் தங்கள் மொழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கிள்ளைக்கு அப்பால் உப்பங்கழியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் குடும்பம் அது. அவர்களுடைய மொழியைப் பேச மிஞ்சியிருப்பவர்கள் அந்த இரண்டு பேர்தான். பிள்ளைகளுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அண்ணாமலை நகர் லாட்ஜில் தங்கி ஆராய்ச்சி செய்யும் சத்யப்பிரியா, கேட்டுக் கேட்டுச் சொற்களைச் சேர்த்துவிட்டாள். அது எளிது. நண்டுக்கு என்ன, சேற்றுக்கு என்ன என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் எந்த இடத்தில் குறுக்கே புகுகிறார், கோபம் வந்தால் வாக்கியத்தில் எது முன்னால் வருகிறது, ஆமாம் என்பதை எத்தனை விதமாக இழுக்கிறார்கள் என்பதெல்லாம் இரண்டு பேர் தாமாகப் பேசும்போதுதான் வெளியே வரும். இருவரில் ஒருவர் போய்விட்டால் அது பிறகு எங்கும் கிடைக்காது.

நிதி தந்த வெளிநாட்டு அறக்கட்டளையும் அதைத்தான் கேட்டிருந்தது. ஒரு மணி நேர உரையாடலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் உதவித்தொகை நீளும். இல்லாவிட்டால் கருவியைத் திருப்பி அனுப்பிவிட்டு, சென்னையில் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் வேலைக்கு அவள் போக வேண்டும்.

ராஜவேல் கடலூர் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுபவர். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தார். கருவியை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, தான் இருப்பதுதான் தடையோ என்று சத்யப்பிரியா டீக்கடைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து பதிவைப் போட்டுக் கேட்டாள்.

"பாப்பா, நீ பாட்டுக்குப் போயிட்டியே. கொழம்பு ஊத்தியிருப்பேன்" என்றது செல்லாயியின் குரல். பிறகு, "வெயிலு ஜாஸ்தி, தலையில துணி போட்டுக்கோ" என்றார் ராஜவேல். மீதி நேரம் முழுக்கக் காக்கை கரைந்தது.

லாட்ஜ் வாசலில், கூடப் படிக்கும் இளவரசு விசாரித்தான். "மறைச்சி வெச்சிப் பாக்கறது?"

"அவுங்களுக்குத் தெரியாம பதியக் கூடாதுடா. சொல்லிட்டு எறா கூடைக்குள்ள வெச்சேன்."

"என்னாச்சு?"

"கூடையப் பாத்து, 'உள்ள வேர்க்குதா பாப்பா'ன்னு கேக்குறாங்க."

இளவரசு சிரித்து முடிப்பதற்குள் அவள் கைப்பேசியில் அறக்கட்டளையின் மின்னஞ்சல் வந்து விழுந்தது. இந்தத் திட்டம் இந்த ஆண்டோடு நிறுத்தப்படுகிறது. இனி அனுப்பப்படும் மாதிரிகளை யாரும் பார்க்கப்போவதில்லை. கருவியைத் திருப்பி அனுப்பவும்.

அவன் வாங்கிப் படித்தான். "புலிக்குன்னா குடுப்பானுங்க. இதுக்குத் தோலும் இல்ல, பல்லும் இல்ல. போட்டோவுல என்னத்தக் காட்டறது?" என்றான்.

வெள்ளிக்கிழமை விடைபெறுவதற்காகக் கிள்ளைக்குப் போனாள். கருவி அறையிலேயே கட்டி வைக்கப்பட்டிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது செல்லாயியின் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அவர் எழுந்து, வேலியோரம் வரை நடந்துபோய்த்தான் பேசத் தொடங்கினார். காற்றில் மிதந்து வந்தது அந்த மொழி. இழுத்து, வெட்டி, சிரித்து, திட்டி, இத்தனை மாதமாக அவள் தேடிய அத்தனையும் இருந்தன.

சத்யப்பிரியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. எதிரில் இருப்பவருக்குப் புரியாததைப் பேசுவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. அவள் எழுந்து போனாலும் கருவி அவளுடையது. அதற்குள் இருந்தது அவளுடைய காது. வீட்டுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவார்கள்?

செல்லாயி திரும்பி வந்ததும் கேட்டாள். "இந்தப் போன்ல யாரு காது இருக்குது?"

"இது என்னா கேள்வி? தம்பி காதுதான்."

"நீங்க பேசறது தம்பி போன்ல பதிஞ்சா?"

"பதியட்டுமே. அவன்கிட்ட பேசனது அவன்கிட்ட இருக்கும். அப்பறமா உனக்குக் குடுத்தா குடுக்கட்டும்."

யாரும் கேட்கவில்லை, கொடுக்கவும் இடமில்லை என்று தெரிந்தும் சத்யப்பிரியா கடலூர் பஸ் ஏறினாள். துறைமுகம் இருக்கும் முதுநகரில் ராஜவேலின் போனை வாங்கி, அழைப்பைப் பதியும் வசதியை முடுக்கினாள். "அக்கா என்னத் திட்டறதும் சேந்து பதியுமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் அக்காவை அழைத்தார். போன், பதிவு நடப்பதாக ஆங்கிலத்தில் அறிவித்தது. மறுமுனையில் செல்லாயி முழுக்கத் தமிழுக்குப் போய்விட்டார்.

"எவளோ ஒருத்தி நடுவுல பேசறா. அவ லைன்ல இருக்கறப்ப எப்படிப் பேசறது? நல்லா இருக்கியாம்மான்னு கேளு."

கடைத்தெருவில் அலைந்ததில் ஒரு கடையில் அறிவிப்பு செய்யாத போன் ஒன்று கிடைத்தது. திங்கட்கிழமை சென்னைக்குக் கிளம்புமுன் ராஜவேலிடம் கொடுத்துவிட்டாள்.

சாதாரண பட்டன் போன். வரும் அழைப்பை எந்த அறிவிப்பும் இல்லாமல் தானே பதிந்து மெமரி கார்டில் சேர்த்துவிடும். பதிவாகிறது என்று அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்கா கூப்பிட வேண்டும், தம்பி எடுக்க வேண்டும். சத்யப்பிரியா எந்தப் பக்கமும் இருக்கக் கூடாது.