வட்டம் விழாத நாட்கள்

குளச்சல் வீட்டில் பிரிஜா காலையிலிருந்து நாலாவது முறையாக லேப்டாப்பை மூடித் திறந்தாள். திங்கட்கிழமைக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். பெங்களூரில் கழிந்த ஐந்து வருட ஆராய்ச்சி அந்தப் பன்னிரண்டு பக்கங்களில் இருந்தது. குறை ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆனாலும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

பகலில் வெயில் குடித்த காற்று, இரவானதும் தரைக்கு நூறு கிலோமீட்டர் மேலே அதை மெல்லக் கசியவிடும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. செயற்கைக்கோள் ஒன்று நிலவில்லாத இரவுகளில் அதை அளந்தது. குளச்சலுக்குத் தென்மேற்கே, கடல்மேல் ஓரிடம் மட்டும் கூடுதலாக ஒளிர்ந்தது. மலைத்தொடர் முடியுமிடத்தில் எழும்பும் காற்றலைகள்தான் காரணம் என்று அவள் எழுதியிருந்தாள். யாரும் இதுவரை சொல்லாதது. அதுவும் அவள் ஊர் வானம்.

சுவரில் தொங்கிய பங்குக் கோயில் காலண்டரில், ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருபத்தொரு இரவுகளைக் குறித்திருந்தாள். ஒளி தெரிந்த பதினேழுக்கு வட்டம். தெரியாத நாலுக்குப் பெருக்கல் குறி. அவற்றில் மூன்றைக் காற்றலை எழாத இரவென்றும் ஒன்றைக் கருவிப் பிழையென்றும் ஒதுக்கியிருந்தாள்.

மதியம் துறைமுகத்திலிருந்து சாப்பிட வந்த அண்ணன் கிளீட்டஸ், கை கழுவிவிட்டுக் காலண்டர் முன்னால் நின்றான்.

“ஏட்டி, நான் கடலுக்குப் போன நாளுக்கெல்லாம் எதுக்கு வட்டம் போட்டிருக்க? ஒங்க அண்ணி கணக்கெடுக்கச் சொன்னாளா?”

“நீ போன நாளா?”

“பின்ன? கணவாய் மீனு பிடிக்க லைட்டு போட்டுட்டு நிக்குத நாளுல்லா இது. நிலா அடிச்சா கணவாய் வெளிச்சத்துக்கு வராது. இந்தா, பெருக்கல் போட்டிருக்கியே, இதெல்லாம் சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை பூசைய விட்டுட்டு எவன் கடலுல கெடப்பான்?”

அவள் விரல் தானாக நாலாவது குறிக்குப் போனது. பிப்ரவரி இருபத்துமூன்று.

“இது வியாழனாக்கும்.”

“டைட்டஸ் மாமாவ அடக்கின நாளு, மக்கா. ஊருல ஒரு சாவு கெடக்கும்ப கடலுல போட்டு எறக்குவமா? நீயும் வந்திருந்தியே.”

வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் நின்று ஒரு பிடி மண்ணும் போட்டாள். பெங்களூருக்குத் திரும்பிப் போய், அந்த நாளுக்கு எதிரே கருவிப் பிழை என்று எழுதினாள்.

“எத்தன போட்டுல லைட்டு இருக்கு?”

“நாப்பது காணும். ஒவ்வொண்ணுலயும் பத்துப் பன்னெண்டு. ஒவ்வொண்ணும் ஆயிரம் வாட்டு. நீ ஹாஸ்டலுக்குப் போன பொறவு வந்த சோலி.” தட்டின் முன் உட்கார்ந்தவன் சிரித்தான். “ஏன், ஒன் செயற்கைக்கோளு மீன் வாங்க வருதா?”

அவள் சிரிக்கவில்லை. அந்த விளக்குகளிலும் புற ஊதா உண்டு. ஒளி எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பது மேலிருந்து பார்க்கும் கருவிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில், ‘இக்கடற்பகுதியில் மனித ஒளி ஏதுமில்லை’ என்று எழுதியிருந்தாள்.

அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். கடைசியில் வழிகாட்டிப் பேராசிரியர் ராஜமணிக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“பிரிஜா, இது வேற யாருக்காவது தெரியுமா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கிளீட்டஸ் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

“ஊருக்கே தெரியும் சார்.”