டப்பாவில் போட்டிருந்தபடி

1

பதினொரு நாட்கள். குழந்தையின் அம்மா விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி அத்தனை நாள் ஆகியிருந்தது. இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில். குழந்தையின் ரத்தத்தில் சோடியம் நூற்றுப் பதினாறு என்று எழுதிக் கொடுத்தது நான்தான். இருக்க வேண்டியதைவிட வெகு குறைவு, வலிப்பு வரும் அளவுக்கு. மற்றதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்.

2

முதல் தொடக்கம்: ‘அந்தக் குடியிருப்பில் எல்லோரும் நல்லவர்கள், ஆனால்—’

வேண்டாம். நல்லவர்கள்தான். ‘ஆனால்’ இல்லை.

ஒரு பால்பவுடர் கம்பெனி கர்ப்பிணித் தொழிலாளிகளை வேலையைவிட்டு அனுப்பியது. அந்தப் பவுடரை யாரும் வாங்கக் கூடாது என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதியவள் குழந்தையின் அத்தை, அப்பாவின் தங்கை. அதே வீட்டில்தான் இருந்தாள். அவரவர் சமையலறை அலமாரியைப் படமெடுத்துப் போட வேண்டும். முதல் படம் வர இரண்டு நாள் ஆனது. ஏழாவதுக்குப் பிறகு, போடாதவர்கள் யாரென்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

“என்ன அண்ணி, நம்ம வீட்டு அலமாரிக்கு மட்டும் வெட்கமா?” என்று அத்தை குழுவிலேயே கேட்டாள்.

அண்ணி, அதாவது குழந்தையின் அம்மா, அன்று மாலையே வேறு கம்பெனி டப்பாவைப் படம் போட்டாள். ஏகப்பட்ட கைதட்டல்.

3

(அண்ணியைக் கோழையாக எழுதப் பார்த்தேன். வரவில்லை. அவளும் அந்தக் கம்பெனியை மனதார வெறுத்தாள். ‘குழந்தைக்கு மற்ற பவுடரெல்லாம் வாந்தி’ என்று இங்கே ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

4

“பாலைத் தண்ணியா கலக்குறீங்களா? அப்படிக் குடுத்தா சோடியம் இப்படி இறங்கும்,” என்றார் டாக்டர்.

அத்தை பதறினாள். “ஐயோ, இல்ல டாக்டர். பகல்ல நான்தான் குடுக்கறேன். டப்பாவுல போட்டிருக்கறபடி, அறுபது மில்லிக்கு ஒரு கரண்டி.”

துணைக்கு வந்திருந்த குடியிருப்புப் பெண்களில் ஒருத்தி சொன்னாள்: “அவ அளவு தப்பாது டாக்டர்.”

“அப்போ வேற காரணம்தான் தேடணும்.”

அண்ணி கைப்பையின் வாரை முறுக்கினாள்.

ஒரு முடிவில் அவள் வாயே திறப்பதில்லை. இன்னொன்றில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சொல்கிறாள். [அறைக்குக் கதவில்லை, திரைதான்.] மூன்றாவதில் குழந்தை—

இதை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவள் சொன்னதை மட்டும் தருகிறேன். அதைச் சொல்வதற்குள் குழந்தைக்கு இரண்டாம் முறை வலிப்பு வந்துவிட்டது.

“டப்பா மட்டும்தான் புதுசு. உள்ள இருக்கறது பழைய பவுடர். கரண்டியும் பழசு, சின்னது. அதுல ரெண்டு போடணும்.”