கை நடுக்கம் தாங்கும் காகிதம்

தையல்காரருக்குத் துணியைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. காகிதத்தைப் பற்றித் தெரிந்தது ஒன்றுமில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அவர் நினைத்ததில் வந்தது வினை.

அவர் மனைவி பக்கவாதத்தில் விழுந்து, இருபத்துமூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கடவுள் புண்ணியத்தில் எழுந்து வீடு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கால் தேறிவிட்டது. பேச்சோ, "பழைய வேகத்துக்கே வந்துடுச்சு, இனி எனக்குத்தான் கஷ்டம்" என்று தையல்காரர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

வார்டில் அவளைப் பெற்ற தாய்போல் பார்த்துக்கொண்ட பெரிய சிஸ்டருக்கு இப்போது வேறு ஊருக்கு மாற்றல். இன்று மாலை நான்கு மணியோடு அவருக்கு அங்கே வேலை முடிகிறது. பரிசு என்று எதை நீட்டினாலும் அவர் தொடமாட்டார். பழம் வாங்கிக்கொண்டு போனபோதுகூட, "பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுங்க, அவரைப் பார்க்க யாருமே வரலை" என்று திருப்பிவிட்டவர். ஆகவே ஒரு வாழ்த்து அட்டை. மனைவி இடது கையால் வார்டு ஜன்னலைப் படமாக வரைந்திருந்தாள். மகள் வீட்டில் விட்டுப்போயிருந்த பிரிண்டரில் அதை அச்சிட்டு, சிஸ்டருக்கு ஒன்றும் அவருடன் வேலை பார்க்கும் மூவருக்கு மூன்றும் கொடுப்பதாக ஏற்பாடு. உள்ளே 'நன்றி' என்று ஒரே சொல். அதை அவள் தன் வலது கையாலேயே எழுதவேண்டும். அதற்காக ஒரு வாரமாகச் செய்தித்தாள் ஓரமெல்லாம் கிறுக்கிப் பழகியிருந்தாள்.

காகிதம் வாங்கும் பொறுப்பு தையல்காரருடையது. காலையில் கடைக்குப் போய், கல்யாணச் சட்டைக்குத் துணி எடுப்பதுபோல் விரலால் தடவித் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே வழவழப்பான, முகம் தெரிகிற மாதிரி மின்னுகிற காகிதத்தை வாங்கி வந்தார். படம் அச்சாகி வந்தபோது அவருக்கே கண்ணைப் பறித்தது.

மனைவி உள்பக்கத்தைத் திறந்து பேனாவை வைத்தாள். பேனா வழுக்கிக்கொண்டு ஓரம்வரை போய்விட்டது.

"என்னங்க, இது பேப்பரா, எண்ணெய் கொட்டின தரையா? நிக்கவே மாட்டேங்குதே!"

அடுத்த அட்டையில் எப்படியோ முதல் எழுத்து வந்தது. இரண்டாவது எழுத்துக்குப் போகும்போது கை பட்டு முதல் எழுத்து கலைந்துவிட்டது. மூன்றாவதும் அப்படியே. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"விடுங்க. நீங்களே எழுதிடுங்க. யார் எழுதினா என்ன? நன்றி நன்றிதானே."

தையல்காரர் பேனாவை எடுக்கவில்லை. கட்டிலில் கிடந்த நாளில்கூட அவள் 'விடுங்க' என்று சொன்னதில்லை. அவர் எழுதினால் நான்கு அட்டையும் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் கையெழுத்தும் முத்துப்போல் இருக்கும். ஆனால் அது அவளுடைய நன்றி ஆகாது. மணி பதினொன்றரை. செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கடைக்கு ஓடினார்.

"வாங்க," என்றார் கடைக்காரம்மா. "எதுக்கு வேணும்னு காலையில கேட்டேனே, சொன்னீங்களா? 'எனக்குத் துணி தெரியும்மா, பேப்பர் தெரியாதா'ன்னீங்க."

"தப்புதாம்மா. வெளுத்ததெல்லாம் பாலுன்னு நினைச்சுட்டேன்."

"சரி, எழுதப்போறது யாரு?"

அவர் சொன்னார். கடைக்காரம்மா கேலியை அத்தோடு நிறுத்திவிட்டு, இழுப்பறையிலிருந்து மூன்று துண்டுக் காகிதங்களை எடுத்து வைத்தார்.

"வலது கைக்காரர்தானே? இடது கையால எழுதிப் பாருங்க. அழுத்தக் கூடாது."

முதல் துண்டு வெள்ளை வெளேர் என்று இருந்தது; பேனா அவரைக் கேட்காமலே ஓடியது. இரண்டாவதில் நார் நாராகத் தெரிந்தது; பேனா முனை சிக்கி, மை திட்டாகப் பரவியது. மூன்றாவது வெளுக்காத துணியின் கோரா நிறம். மினுக்கு இல்லை. தடவினால், கஞ்சி போடாத காடாத்துணிபோல் இதமான சொரசொரப்பு. பேனாவை வைத்த இடத்தில் பேனா நின்றது. கோழி கிளறிய மாதிரிதான் வந்தது, ஆனாலும் 'நன்றி' முழுசாக வந்தது. மூன்று எழுத்துக்குள் அவருக்கு நெற்றி வியர்த்துவிட்டது. ஒரு மாதமாக அவள் படும் பாடு அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இதுதாம்மா."

"கலர் தூக்கலா வராது. கொஞ்சம் மங்கும்."

"மங்கட்டும்."

கடைக்காரம்மா தாளை இப்படி ஒரு முறை, அப்படி ஒரு முறை லேசாக வளைத்துப் பார்த்தார். "இந்தப் பக்கமா மடிச்சா வெடிக்காது. இதுக்கும் நெடுக்கு, குறுக்கு உண்டு."

"அப்போ இதுவும் துணிதானா!"

"காலையிலேயே சொல்லியிருந்தா உங்களுக்குத் தலைக்கனம் ஏறியிருக்கும்." மடிப்பு சரியாக விழும்படி வெட்டி, கூடவே இரண்டு தாள் சேர்த்து வைத்தார். "கை தவறினா இருக்கட்டும். பிரிண்டர்ல ஒவ்வொண்ணா விடுங்க, மொத்தமாத் திணிக்காதீங்க."

நல்ல மனசுக்காரர்களை இறைவன் எங்கே வைத்திருப்பான் என்று யாரால் சொல்லமுடியும்? கட்டுக் கட்டாகக் காகிதம் அடுக்கிய கடையில்கூட ஒருவரை உட்கார்த்தி வைத்திருக்கிறான்.

வீட்டில் படம் மங்கலாகத்தான் அச்சானது. தையல்காரர் தயங்கி நீட்டினார். மனைவி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வார்டு ஜன்னல் இப்படித்தாங்க இருந்துச்சு. காலையில வந்தது ஏதோ ஓட்டல் ஜன்னல்."

கத்தரியின் முதுகால் கோடு இழுத்து மடித்துக் கொடுத்துவிட்டு, அவர் மிஷினில் போய் உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டிருந்தால் அவள் கை இன்னும் நடுங்கும் என்று அவருக்குத் தெரியும். முதல் அட்டை வீணானது. இரண்டாவதும் பாதியில் நின்றது. இரண்டரை மணிக்கு, "இந்தாங்க" என்ற குரல் கேட்டது. எழுத்து கோணல்தான். ஆனால் மூன்று எழுத்தும் தத்தம் இடத்தில் நின்றன.

"ஒண்ணுதான் முடிஞ்சுது. மத்த மூணு பேரும் இங்கேயேதானே இருப்பாங்க? அவங்களுக்கு நாளைக்கு எழுதறேன்," என்றாள். அவள் வாயில் 'நாளைக்கு' என்ற சொல்லைக் கேட்டுத் தையல்காரர் மனதுக்குள் கும்பிட்டார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வார்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சிஸ்டர் படத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். திறந்து படித்தார். பிறகு அட்டையைத் திருப்பி, எழுத்துக்குப் பின்பக்கத்தை விரலால் மெல்லத் தடவினார்.

"இது நீங்களே எழுதினதா?"

"ஆமா சிஸ்டர். யாரும் பிடிச்சுக்கலை."

"தெரியுது. பின்னாடி எழுத்து மேடு தட்டுது பாருங்க. இவ்வளவு அழுத்தம் கொடுக்குதா இந்தக் கை! போன மாசம் ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்கலையே." மற்ற மூவரையும் கூப்பிட்டு ஒவ்வொருவராகத் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜையில் நூல் கட்டிக் கிடந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

"தேதியும் போட்டுக் கொடுங்கம்மா. புது ஊர்லயும் கை வராதுன்னு அழறவங்க இருப்பாங்க. அவங்களுக்குக் காட்டணும்."

பேனாவின் நூல் குட்டை. அவள் மேஜைமேல் நன்றாகக் குனிந்து, முதல் எண்ணைத் தொடங்கினாள். அட்டை நகராமல் இருக்கத் தையல்காரர் அதன் ஓரத்தை ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டார். அவள் கையை அவர் தொடவில்லை.