மருமகன் கோடி

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்துவிட்டதென்று நாகஜோதி மறுபடி முடிந்துகொண்டிருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. புருஷன் செல்வக்குமார் எடுக்கவில்லை. விடிகாலை ஐந்தேகாலுக்கு, வேலைக்கு உள்ளே போகுமுன் பேசியவர்தான். "மாத்து ஆளு விட்டுட்டு ஏழு மணி பஸ்ஸப் பிடிச்சு வாரேன்" என்றார். இப்போது மணி ஒன்று.

வாசல் பந்தலில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. திருநகரில் அந்தத் தெருவே வந்திருந்தது. சித்தப்பா பேயாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மாப்ள எங்கிட்டு வாராராம் ஆத்தா?"

மருமகன் கோடித்துணி போர்த்தாமல் அவர்கள் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். அப்பா நல்லகாமனுக்கு அவள் ஒரே மகள், மருமகனும் ஒருத்தர்தான்.

"திருமங்கலம் தாண்டிட்டாராம் சித்தப்பா." பொய் வாய் கூசாமல் வந்தது.

பதினொன்றரைக்கே சித்தப்பா மகள் தாமரைச்செல்வி போனைத் தடவிக்கொண்டிருந்தவள், "அக்கா, இது அத்தான் இருக்க ஊருதான?" என்று நீட்டினாள். புன்னைத்துறை உரக் கம்பெனியில் காலை பத்து மணிக்கு அம்மோனியா கசிவு. பம்பு ஹவுஸில் இருந்த நாலு பேரும் சாவு. பெயர் எதுவும் போடவில்லை. செல்வக்குமாருக்கு வேலை பம்பு ஹவுஸில்தான்.

"யாருக்கும் சொல்லாதடி" என்று தங்கச்சியின் கையை நகம் பதியப் பிடித்தாள்.

அந்தக் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். வெளியே வரும்போதுதான் கையில் கிடைக்கும். ஆக, மணி அடித்துக்கொண்டே இருக்கிறதென்றால் ஆள் வெளியே வரவில்லை. இந்தக் கணக்கை அவள் நூறு தரம் போட்டுப் பார்த்துவிட்டாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் அப்பா அந்த ஊரைப் பார்க்கப் போனபோது அங்கே ஒரு கோயில், மணலில் ஏற்றிய நாலு வள்ளம், மீன் காயும் ஒற்றைத் தெரு, புதிதாக எழும்பிய ஒரு புகைக்கூண்டு, அவ்வளவுதான். திரும்பி வந்து, "இன்னும் பத்து வருசத்துல மெட்ராசுதான் பாரு" என்று கல்யாணத்தை முடித்துவிட்டார். சொன்னபடியே ஆனது. கப்பல் துறை வந்தது, கரி மலை வந்தது, லாரிகள் வால் பிடித்து நின்றன. மீன்காரத் தெருவை மதிலுக்குப் பின்னால் தள்ளினார்கள். புதன்கிழமைதோறும் சைரன் ஊதிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் ஈரத்துணியால் மூக்கைக் கட்டப் பழகின.

இரண்டு வருஷம் முன்பு செல்வக்குமார், எல்லாவற்றையும் விட்டுப் பழங்காநத்தத்தில் கடை வைக்கிறேன் என்று வந்து நின்றார். "கம்பெனி மாப்ளைக்குத்தான் பொண்ணு குடுத்தேன். கடக்காரனுக்கு இல்ல" என்று திருப்பியனுப்பியது இதோ வாயைக் கட்டிப் படுத்திருக்கிற இந்த மனுஷன்தான். நாகஜோதிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அம்மா முத்துத்தாய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வாயைத் தொறந்து அழுதுரு தாயி" என்றாள். வாயைத் திறந்தால் எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவோமோ என்று நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. கையில் மாலை, கக்கத்தில் கோடித்துணி. செல்வக்குமார் இறங்கினார்.

அப்பா கிடக்கிற வீட்டில் இம்புட்டுச் சந்தோஷம் ஆகாது என்று தெரிந்தும் நாகஜோதிக்குச் சந்தோஷமாக இருந்தது. சட்டையைப் பிடித்து அடுப்படிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"போனு எங்க?"

"அவசரத்துல கேட்டுலயே விட்டுட்டேன் ஜோதி. ஒம்பது மணி வரைக்கும் மாத்து ஆளு கெடைக்கல. தேடி வெளிய வந்து பாத்தா நம்ம பக்கத்து வீட்டு சகாயம், கடலுக்குப் போக டீசலு கேனோட நிக்கிறான். மாமா தவறிட்டாகன்னேன். கேன அங்கனயே வச்சுட்டு எனக்குப் பதிலா உள்ள போயிட்டான்."

கசிவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் தூங்கியே வந்திருக்கிறார்.

சகாயத்தின் அப்பா வள்ளம் ஏற்றுகிற மணல்வெளியைக் கம்பெனிக்குக் கொடுத்துத்தான் மகனுக்கும் அதே பம்பு ஹவுஸ் வேலையை வாங்கினார். லீவு நாளில் சகாயம் தன் அண்ணனுடைய வள்ளத்தில் கடலுக்குப் போய்விடுவான்.

"மாப்ள, கோடியக் கொண்டாங்க, நேரமாச்சு!" என்று சித்தப்பா கூப்பிட்டார். செல்வக்குமார் ஓடினார்.

நாகஜோதியின் கையில் போன் அடித்தது. பிரகாசி. சகாயத்தின் மனைவி.

"அக்கா, ஒங்க ஸ்டேட்டஸுல அப்பா படத்தப் பாத்தேன். அண்ணன் அங்க வந்துட்டாவளா? டிவில பம்பு ஹவுஸுன்னு போட்டதும் பதறிப் போயிட்டேன்."

"வந்துட்டாரு" என்றாள்.

"மாதா காப்பாத்துனா. அழாதிய அக்கா. இவுக காலையிலயே கடலுக்குப் போயாச்சு. பொழுது சாய வந்ததும் ரெண்டு பேருமா அங்க வாறோம்."

"பிரகாசி…"

"இருங்கக்கா, வாசல்ல கம்பெனி ஜீப்பு நிக்கி. அண்ணனத் தேடி வந்துருப்பாவ, நான் சொல்லிருதேன். லைன்லயே இருங்க."

கோடி போர்த்தியதும் கூடத்தில் பெண்களின் குலவை எழுந்தது. போனுக்குள் செருப்புச் சத்தம் வாசலை நோக்கிப் போனது. நாகஜோதி லைனிலேயே இருந்தாள்.