மாதாவுக்கு அறுத்த கீரை

குனிய முடியாதவன் மாதா காலடியில் எதை வைத்துவிட முடியும்? செபஸ்டின் கீரைக்கட்டைக் கோயில் உபதேசியாரிடம் நீட்டி, “நீங்களே வச்சிடுங்க” என்றான். திருவிழாப் பூசைக்குக் கூட்டம் நெரிந்தது. அவர் கட்டை வாங்கி இடுப்பில் அணைத்துக்கொண்டு, வேறு யாரையோ அதட்டியபடி உள்ளே போனார். அதிக நேரம் நிற்கவும் கூடாது, உட்காரவும் கூடாது என்பதால் செபஸ்டின் பூசை பாதியில் வீட்டுக்கு நடந்தான். மனசு நிறைந்திருந்தது.

திருச்சியில் முதுகில் ஆபரேஷன் முடிந்து வந்தவன் அவன். எலும்புக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்த, இடது கால் முழுக்க எரிந்து, மனுஷன் படுக்கவும் வழியில்லாமல் அழுதிருக்கிறான். டாக்டர் முதுகைப் பிளக்கவில்லை. சின்னதாக ஒரு துளை போட்டு, குழாய் வழியாகக் கேமராவை விட்டு, பிதுங்கின துண்டை மட்டும் கிள்ளி எடுத்தார். விரல் நகம் அளவுத் தழும்பைப் பார்த்து ஊரே ஏமாந்துபோனது. “இதுக்கா இம்புட்டு அமர்க்களம்?” என்று பக்கத்து வீட்டு மரிய ஆல்பர்ட் கேலி செய்தான். வலி என்னவென்று பட்டவனுக்குத்தானே தெரியும். ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதே நேர்ந்துகொண்டான்: இந்த வலி போனால் என் கொல்லையின் முதல் விளைச்சல் உனக்கு, தாயே.

வலி போய்விட்டது. கொல்லையில் விளைந்து நின்றதோ கீரை மட்டும்தான்.

அது சாதாரணக் கீரை இல்லை. கொல்லையை ஒட்டி முன்பு ஒரு கொட்டகையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் காய்ச்சினார்கள். கொட்டகை மூடியும் ஈயம் மண்ணை விட்டுப் போகவில்லை. கல்லூரியிலிருந்து வந்த கலையரசன் சார் அந்த ஓரத்தில் தண்டுக்கீரை விதைத்தார். அது வேரால் ஈயத்தை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் வைத்துக்கொள்ளுமாம். பிடுங்கி எடுத்துப் போகப் போக மண் மெல்லத் தேறுமாம். மனுஷரும் தின்னக்கூடாது, ஆட்டுக்கும் போடக்கூடாது, எரிக்கவும் கூடாது என்று வேலி போட்டு, அறுத்ததைப் போட்டு வைக்கச் சாக்கும் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போனார். ஊரில் கேட்டவர்களுக்கு, ஏதோ கீரை ஆராய்ச்சி என்று செபஸ்டினும் மனைவி லீலா மேரியும் மழுப்பினார்கள். கொல்லையின் மறுபக்கத்து முந்திரிதான் அவர்களுக்குச் சோறு. ஈயக்கொல்லை என்று பேர் விழுந்தால் அந்தக் கொட்டையை யார் தொடுவார்கள்?

முந்திரிக்கு இது பருவமில்லை. நேர்ச்சைக்கு ஆண்டிமடத்துச் சந்தையில் வாங்கி வைப்பது மாதாவை ஏமாற்றுகிற வேலை. மாதா என்ன தின்னவா போகிறாள்? காணிக்கை ஏலத்துக்கும் ஆடு கோழிதான் போகும், கீரையை யார் சீந்துவார்கள்? காலடியில் கிடக்கட்டும், சாயங்காலம் போய் எடுத்து சாருடைய சாக்கில் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டான். லீலா விடியலிலேயே கோயிலுக்குப் பூக்கட்டப் போயிருந்தாள். கீரை இடுப்பு உயரம் நின்றதால் குனியாமலே அறுத்துவிட்டான்.

பூசை, ஏலம் எல்லாம் முடிந்து மத்தியானத்துக்கு மேல் லீலா சிரித்துக்கொண்டே வந்தாள். “ஏங்க, ஏலத்துல இந்தத் தடவ ஒரு கீரைக்கட்டுக்குத்தான் போட்டி. என்னா தளதளப்புங்கிறீங்க. ஆல்பர்ட் அண்ணன் விடாப்பிடியா நின்னு எடுத்துட்டாங்க. அவங்க பொண்ணு ஷாலினி மாசமா வந்திருக்குல்ல, அதுக்காம்.”

படுத்திருந்த செபஸ்டின் எழுந்துகொண்டான்.

“அது நம்ம கீர, லீலா.”

“நம்ம கீரன்னா?”

அவன் வேலிப்பக்கம் பார்த்தான். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே செத்தது. “அடப்பாவி மனுஷா” என்று மட்டும் சொன்னாள். பிறகு கலையரசன் சாரைப் போனில் பிடிக்க உள்ளே ஓடினாள்.

நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு வேகமாக என்று சொல்லவில்லை. மரிய ஆல்பர்ட் வாசலிலேயே நின்றிருந்தான். “வா செபஸ்டி. மாதா கீர, ஒரு வாய் சாப்ட்டுப் போ.”

“எல்லாத்தையும் ஆக்கிட்டீங்களா?”

“நாங்க மட்டும் திங்க முடியுமா? ஏலத்துல எடுத்தத பங்கு வைக்காம எப்புடி? தெருவுக்கே வீட்டுக்கு ஒரு பிடி குடுத்தாச்சு.”

ஒரே வீடாக இருந்தால் ரகசியமாகச் சொல்லி முடித்திருக்கலாம். தெருவுக்குச் சொன்னால் ஆண்டிமடம் வரைக்கும் சொன்ன மாதிரி. செபஸ்டின் ஒரு நிமிஷம் முந்திரியை நினைத்தான். நினைத்ததற்காக அப்போதே தன்னை வெறுத்தான்.

“அது என் கொல்லக் கீர, ஆல்பர்ட்டு. அதுல ஈயம் இருக்கு. யாரும் வாயில வைக்கக்கூடாது.”

உள்ளேயிருந்து ஷாலினி மேரி தட்டோடு வந்தாள். ஏழாம் மாத வயிறு. “நான் சாப்ட்டேனே சித்தப்பா” என்றாள்.

லீலா மூச்சு வாங்க வந்து, சார் சொன்னதைச் சொன்னாள். “ஒரு வேளையில பெருசா ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொல்றாரு. இருந்தாலும் மாசமா இருக்குறதால இன்னிக்கே ஆஸ்பத்திரியில காட்டிடணுமாம், ரத்தம் எடுத்துப் பாக்கணுமாம்.” ஷாலினி தட்டைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். “புள்ளைக்கு?” என்று கேட்டாள். லீலா தட்டை வாங்கி வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து அவளை அழைத்துப் போனாள்.

செபஸ்டின் வீடு வீடாகப் போனான். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னான். முதல் வீட்டில் திணறியது, கடைசி வீட்டில் தெளிவாக வந்தது. சிலர் பிடியை அப்படியே கொண்டு வந்தார்கள். சிலர் சட்டியோடு வந்து அவன் முன்னால் கொட்டினார்கள். ஆனி ரோஸ் டீச்சர் மட்டும், “எங்களுக்குத் தெரியாம எத்தன நாளு இத மறைச்சு வச்சிருந்தீங்க?” என்று கேட்டாள். மற்றவர்கள் கேட்காததும் அதுதான். பச்சையும் வெந்ததுமாகத் தெரு நடுவில் குவியல் சேர்ந்தது.

மரிய ஆல்பர்ட் சாக்கோடு வந்தான். செபஸ்டின் முகத்தைப் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெந்த கீரையையும் மண்ணோடு வழித்துச் சாக்கில் போட்டான். அவன் வேலை செய்ய, பக்கத்தில் மரம் மாதிரி நிற்பது செபஸ்டினுக்குத் தாங்கவில்லை. “நா வேணா...” என்று ஆரம்பித்தான்.

“நீ குனியாத” என்றான் ஆல்பர்ட். அக்கறையில் சொன்னானா, அருவருப்பில் சொன்னானா என்று குரலில் தெரியவில்லை.

சாக்கைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆல்பர்ட் போய்விட்டான். செபஸ்டினின் காலருகே ஒரே ஒரு இலை கிடந்தது. ஆல்பர்ட் அதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டானா? தெருக்கோடியிலிருந்து இரண்டு ஆடுகள் மோப்பம் பிடித்தபடி வந்துகொண்டிருந்தன. செபஸ்டின் இலைமேல் செருப்பை வைத்து அழுத்திக்கொண்டு, வெயிலில் நேராக நின்றான்.