இறங்காத கொங்கிறீற்

ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கட்டுமானப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் கீர்த்தனி இரும்புக் கூம்பைத் தூக்கியபோது, உள்ளேயிருந்த ஈரக் கொங்கிறீற் கீழே அமராமல் நான்கு அங்குலம் மேலே ஏறியது. கூம்புக்குள் மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் குத்தி, கூம்பை மெல்ல உருவினால் குவியல் தன் பாரத்தில் கொஞ்சம் இறங்க வேண்டும். எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான், அது அச்சுக்குள் ஒழுங்காக நிரம்புமா என்று சொல்வார்கள். ஏறுவதற்குக் கணக்கில்லை.

"என்ன பிள்ளை, இறங்க வேண்டியது ஏறுது?" என்றார் எஞ்சினியர் சிவகுருநாதன்.

"நானும் அதைத்தான் சேர் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"நான் என்ன புளிச்சுப் பொங்குற பாண் மாவையா ஏத்திக்கொண்டு வந்தனான்?" என்று வாசலில் நின்ற லொறிச் சாரதி ஸெய்னுதீன் கேட்டார். சிவகுருநாதன் சிரிக்கவில்லை. லொறியைத் திருப்பி அனுப்பினார். குவியலை யாரும் கவனிக்காமல் விட, அது மத்தியானத்துக்குள் கூழாகி வடிகானுக்குள் ஓடிப்போனது. இறுகவே இல்லை.

அது சல்லி என்ற மீனவ ஊரின் கரையில் கட்டவிருந்த அலைத்தடுப்புச் சுவருக்கான கொங்கிறீற். சல்லியின் முன்வரிசை வீடுகளைக் கடல் ஏற்கெனவே எடுத்துவிட்டது. அடுத்த வரிசையில் முதல் வீடு கீர்த்தனியினது. மணல் வந்துசேரவில்லை என்று வேலை நின்றபோது, மாரிக்கு முன் சுவர் எழும்பட்டும் என்ற அவசரத்தில் ஊர்ச் சனம் கடல் எடுத்த வளவுகளில் மிஞ்சிய முற்றத்து மணலைக் கடகம் கடகமாக அள்ளிக் கொடுத்தது. அதில் குழைத்ததுதான் இந்தக் கொங்கிறீற். கீர்த்தனியும் அள்ளினாள். தலைமுறை தலைமுறையாகக் கூட்டித் தெளித்த மணல், இனிக் கீழே போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. வேறு மணல் கிடைக்கவில்லை. லொறிகள் வந்தன, கொங்கிறீற் ஏறியது, லொறிகள் திரும்பின.

கார்த்திகையில் கடல் அவளுடைய வேலியைக் கொண்டுபோனது. பிறகு கிணற்றை. புருசன் இராகுலன் மண்மூட்டை அடுக்குவான், விடிய அவற்றைக் காணக் கிடைக்காது. கூடத்தில் ஆளில்லாத நேரம் அவள் குவியலின் தலையில் உள்ளங்கையை வைத்து அமத்திப் பார்த்தாள். அது கையையும் சேர்த்துத் தூக்கியது. "ஒருக்கா இறங்கன் ராசா, எங்கட வீடு போகப்போகுது," என்று கெஞ்சினாள். அது இன்னும் ஓரங்குலம் ஏறியது.

கடல் குசினிக்குள் அடுப்படிவரை வந்த அன்று காலையும் சிவகுருநாதன் ஒரு லொறியைத் திருப்பினார். அவள் கம்பியைக் கையில் பிடித்தபடியே லொறிக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ன புள்ள, சாகப்போறியா?"

"வீடு போகுது, ஸெய்னுதீன் நானா."

ஸெய்னுதீன் மற்றப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தார். "எறியுற சாமான்தானே. ஏறு, உங்கட வாசல்லயே கொட்டிட்டுப் போறன்."

கொட்டிய கொங்கிறீற் குசினி வாசலில் சேறாகப் பரவியது. கீர்த்தனி முழங்காலளவு தண்ணீரில் நின்று கம்பியால் குத்தினாள். அது எழும்பியது. யன்னல் உயரத்துக்கு வந்ததும் அலை அதில் மோதித் திரும்பியது. கை சோர்ந்து நிறுத்தினாள். உடனே அது அமரத் தொடங்கியது, அலை மேலால் எட்டிப் பார்த்தது.

"விடாத, குத்து!" என்று இராகுலன் கத்தினான்.

"எவ்வளவு நேரத்துக்கு?"

அவன் நிலம் தோண்டும் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

அடுத்த வீட்டுப் பாக்கியரத்தினமும் ஒரு லொறி கேட்டார், பிறகு முழு வரிசையும் கேட்டது. இது நடந்து மூன்று மாரி போய்விட்டது. சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, குத்துகிறவரைக்கும் நிற்கிறது. சல்லியில் ஒருவர் வலைக்குப் போனால் ஒருவர் குத்துகிறார், பிள்ளைகள் ஒரு கையால் குத்திக்கொண்டே மறு கையால் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள், கல்யாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குத்திக் கொடுத்துப் போகிறார்கள். சிவகுருநாதன் ஒருமுறை வந்து பார்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். "நீ போய்ச் சாப்பிட்டிட்டு வா பிள்ளை," என்று கீர்த்தனியிடமிருந்து கம்பியை வாங்கினார். அவள் குசினிக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.